உரிமையும் சலுகையும்: அந்நியச் சரக்கு விமானங்களுக்கான பறப்பு அனுமதி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சட்ட வாசகங்களை, இலக்கியப் பனுவல்களைப் படிப்பதுபோலச் சொல் சொல்லாக நிறுத்திப் படிக்கும் வழக்கம் நம்மிடையே அதிகம் இல்லை. அவை சட்டத்தரணிகளுக்கும் நிருவாகிகளுக்கும் உரியன என்று விட்டுவிடுகிறோம். ஆயினும் வேறெந்தப் பனுவலையும் போலவே சட்ட வாசகமும் குறித்ததொரு வரலாற்றுக் கட்டத்தில், குறித்த சில நலன்களின் மோதலிலும் சமரசத்திலும் பிறப்பதாகும். சொற்றேர்விலே அம்மோதலின் வடுக்கள் தங்கிவிடுகின்றன. இக்கட்டுரை அத்தகைய வாசகம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறது. 1944 டிசெம்பர் 7 ஆம் திகதி சிக்காகோ நகரிலே கையொப்பமிடப்பட்ட சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்துச் சமவாயத்தின் 5 ஆம் உறுப்புரையே அது. நேர அட்டவணைப்படி ஓடாத விமானங்கள், அதாவது தனித்தேவை ஒன்றின் பொருட்டு வாடகைக்கு அமர்த்தப்படும் விமானங்கள், பிறநாட்டு வானிலே என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது என்பதை அது வரையறுக்கின்றது. இன்று ஓர் அந்நியச் சரக்கு விமான நிறுவனம் எல்லை கடந்து பொருள் ஏற்றவோ இறக்கவோ அனுமதி கோரும்போது, அவ்விண்ணப்பத்தின் பின்னணியில் நிற்பது பெரும்பாலும் இவ்வுறுப்புரைதான்.

உறுப்புரை இரு பந்திகளைக் கொண்டது. முதலாம் பந்தி, அட்டவணைச் சேவையில் ஈடுபடாத விமானங்கள் முன்னனுமதி பெறாமலே உறுப்பு நாடொன்றின் வானிலே பறக்கவும், அதனைக் கடந்து செல்லவும், வாணிப நோக்கமின்றித் தரையிறங்கவும் இடமளிக்கின்றது. தரையிறங்குமாறு கட்டளையிடும் அதிகாரம் அந்நாட்டிடம் இருக்கும். இரண்டாம் பந்தி, அதே விமானம் கூலிக்காகப் பயணிகளையோ சரக்கையோ தபாலையோ ஏற்றியிறக்க முற்படுமிடத்து யாது நிகழும் என்று பேசுகின்றது. அதற்கும் இடமுண்டு, ஆனால் ஏற்றியிறக்கும் நாடு தான் விரும்பத்தக்கதெனக் கருதும் எந்த ஒழுங்குவிதியையும் நிபந்தனையையும் மட்டுப்பாட்டையும் விதிக்கலாம். ஆங்கில மூலத்திலே முதலாம் பந்தி 'உரிமை' எனப் பொருள்படும் சொல்லைக் கையாள்கிறது. இரண்டாம் பந்தியிலே அச்சொல் மறைந்து, 'சலுகை' எனப் பொருள்படும் வேறொரு சொல் அவ்விடத்தில் வந்து அமர்கின்றது. வெறுமையாகப் பறப்பவனுக்கு உரிமை. கூலிக்குச் சுமப்பவனுக்குச் சலுகை. சட்டம் வரைந்தோர் சொற்சிக்கனம் கருதியோ ஓசைநயம் கருதியோ இதனைச் செய்தார் எனக் கொள்வதற்கில்லை. கூலி என்ற சொல் நுழைந்த மாத்திரத்தே உரிமை பின்வாங்குகிறது என்பதுதான் நாம் மனங்கொள்ள வேண்டியது.

இந்தச் சொன்மாற்றம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, வானுக்கு உடைமையாளர் தோன்றிய காலத்துக்குச் சற்றுப் பின்செல்லல் வேண்டும். நிலத்துக்கு உடையவன் அதன்மேல் விண்வரைக்கும் உடையவன் என்ற கோட்பாடு ஐரோப்பிய நிலவுடைமைச் சட்டத்தின் மத்தியகால உரையாசிரியர் மரபிலே வேர்கொண்டது. (1946 இல் ஐக்கிய அமெரிக்காவின் உச்சநீதிமன்றம், தாழப் பறந்த இராணுவ விமானங்களாலே கோழிகள் மிரண்டு மடிந்த ஒரு பண்ணைக்காரரின் வழக்கில், இக்கோட்பாட்டுக்கு நவீன உலகிலே இடமில்லை எனத் தீர்ப்பளித்தது; ஆனாலும் அவருக்கு நட்டஈடு உண்டு என்றது. தனியுடைமைக்குப் பொருந்தாத கோட்பாடு அரசுகளுக்கு மட்டும் பொருந்தியது என்பது கவனத்துக்குரியது.) பிளேரியோ 1909 ஜூலை 25 இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த மறு ஆண்டு பாரிசிலே கூடிய மாநாடு, கடலைப் போல வானும் பொதுவா, நிலத்தைப் போல அதுவும் எல்லைக்குட்பட்டதா என்ற வினாவுக்கு விடை காணாமலே கலைந்தது. விடையை உலகப்போர் தந்தது. குண்டு பொழியும் பொருள் ஒன்று தலைக்குமேல் பறக்கத் தொடங்கியதும், வான் பொது என்ற வாதம் வலுவிழந்தது. 1919 ஒக்டோபர் 13 ஆம் திகதிய பாரிஸ் சமவாயம், ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வானிலே முழுமையான, தனியுரிமையான இறைமை உண்டென முதலாம் உறுப்புரையிலேயே அறிவித்தது.

போரின் வெற்றியாளர்கள் தம் பாதுகாப்புக்காக இயற்றிய இவ்விதி, வலுக்குன்றிய நாடுகளின் கையிலும் ஓர் ஆயுதமாகலாம் என்பதை அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பாரசீகம் இதற்கு நல்ல உதாரணம். பிரித்தானியாவின் இம்பீரியல் எயர்வேய்ஸ் நிறுவனம் 1929 இல் லண்டனிலிருந்து கராச்சிக்குத் தபாற் சேவை தொடங்கியபோது, விமானங்கள் பாரசீக வளைகுடாவின் வடகரையோரமாகச் செல்ல வேண்டியிருந்தது. ரெஸா ஷாவின் அரசு தயக்கத்தோடு, குறுகிய காலத்துக்கே அனுமதி வழங்கியது. 1932 இல் அது முடிவுற்றபோது நீடிக்கப்படவில்லை. பேரரசின் விமானப் பாதை முழுவதும் தென்கரைக்கு மாறியது. சார்ஜாவின் ஷேக்குடன் வாடகை பேசி, பாலைவன மணலிலே இறங்குதளமும் பயணியர் தங்க ஒரு கோட்டையும் அமைத்தார்கள். இறைமை கொண்ட நாடு மறுத்ததை, பாதுகாப்பு ஒப்பந்தங்களாலே கட்டுண்ட சிற்றரசு கொடுத்தது. அனுமதியின் விலை, கேட்பவனின் தேவையைவிடக் கொடுப்பவனின் அரசியல் நிலையையே பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆரம்பகாலச் சான்று கிடைப்பது அரிது.

சிக்காகோ மாநாடு 1944 நவம்பர் முதலாம் திகதி ஸ்ரீவன்ஸ் ஹோட்டலிலே தொடங்கியபோது போர் முடிந்திருக்கவில்லை. எனினும் போருக்குப் பிந்திய வானத்தின் பொருளியல் அடித்தளம் ஏற்கெனவே இடப்பட்டிருந்தது. நேச நாடுகளிடையே ஏற்பட்ட உற்பத்திப் பங்கீட்டின்படி பிரித்தானியாவின் தொழிற்சாலைகள் போர் விமானங்களிலும் குண்டு விமானங்களிலும் கவனஞ் செலுத்த, போக்குவரத்து விமானங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலே செய்யப்பட்டன. சி-47 வகை மட்டுமே 10,000 க்கு மேல் உற்பத்தியாயிற்று. பெருந்தொகைச் சரக்கை விமானத்திலே நகர்த்தலாம் என்பதும் இப்போரிலேதான் நிறுவப்பட்டது. 1942 முதல் 1945 வரை அசாமிலிருந்து இமயத்தின் கிழக்குத் தொடர்களைத் தாண்டிச் சீனாவுக்குச் சுமார் 650,000 தொன் பொருள் கொண்டு செல்லப்பட்டது. அக்காலத்து அசாமின் வீதிகளையும் ஓடுதளங்களையும் அமைப்பதற்குத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் திரட்டப்பட்டனர் என்பதை விமானவியல் வரலாறுகள் ஒரு வரியோடு கடந்துவிடுகின்றன. மலையகத்தை அறிந்த நாம் அந்த வரியிலே சற்றுத் தாமதிப்பதில் தவறில்லை.

ஆகவே அமெரிக்கத் தூதுக்குழுவின் தலைவரும் மாநாட்டின் தலைவருமான அடொல்வ் பேர்ல் வானத்தின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசியபோது, அச்சுதந்திரத்தைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய விமானங்கள் யாரிடம் இருந்தன என்பதை அவையிலே அனைவரும் அறிந்திருந்தனர். பிரித்தானியாவின் சுவின்ரன் பிரபு, பாதைகளையும் பறப்புகளின் தொகையையும் கட்டணத்தையும் பங்கிடும் சர்வதேச அதிகார சபை ஒன்று வேண்டுமென வாதிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கடலில் தடையிலா வாணிபத்தைப் போதித்த நாடு, தன் கையிலே கப்பல் குறைந்த இடத்தில் பங்கீட்டைப் போதித்தது எனலாம். நவம்பர் பிற்பகுதியில் ரூஸ்வெல்ற் சேர்ச்சிலுக்கு அனுப்பிய செய்தியிலே, பிரித்தானியா இணங்காவிடின் போர்க்கால உதவி பற்றிய அமெரிக்க மக்களவையின் மனநிலை மாறக்கூடும் என்ற மிரட்டல் மென்மையான சொற்களில் இடம்பெற்றது. மறுபுறத்தில், அப்பொழுது தொழிற்கட்சி அரசுகளின்கீழ் இருந்த அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் முற்றிலும் வேறானதொரு யோசனையை முன்வைத்தன. உலகின் முதன்மையான விமானப் பாதைகள் யாவற்றையும் எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரே நிறுவனம் உடைமையாகக் கொண்டு நடத்த வேண்டும் என்பதே அது. அவ்வாலோசனை தோற்கடிக்கப்பட்டது. அதனை நடைமுறைக்கு ஒவ்வாத கனவென ஒதுக்குவோர், பின்னர் வந்த 'நடைமுறை' எத்தகையது என்பதையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். சோவியத் ஒன்றியம் ஸ்பெயின், போர்த்துக்கல், சுவிற்சர்லாந்து ஆகியன அழைக்கப்பட்டமையைக் காரணங்காட்டி, புறப்பட்டுவிட்ட தன் தூதுக்குழுவை வழியிலேயே திருப்பியழைத்தது. அது இச்சமவாயத்தில் 1970 இல்தான் இணைந்தது. இலங்கை குடியேற்ற நாடாக இருந்தமையால் அவ்வவையில் அதற்குக் குரல் இல்லை. பிரித்தானிய ஆட்சியின்கீழிருந்த இந்தியாவுக்கு கிரிஜா சங்கர் பாஜ்பாய் தலைமையில் ஓர் ஆசனம் கிடைத்தது.

இவ்விரு வல்லரசுகளும் இணங்காத நிலையிலேதான் இறுதி வாசகம் வரையப்பட்டது. அட்டவணைச் சேவைகளுக்கு 6 ஆம் உறுப்புரை கதவடைத்தது: தனியனுமதியின்றி எதுவும் இல்லை. அதன் பின்னர் ஒவ்வொரு பாதையும் இரு நாடுகளுக்கிடையே பேரம் பேசப்பட வேண்டியதாயிற்று. 1946 பெப்ரவரியில் பேர்மியூடாவிலே அமெரிக்காவும் பிரித்தானியாவும் செய்துகொண்ட உடன்படிக்கை அதற்கு மாதிரியாயிற்று. அட்டவணையிலடங்காத பறப்புகளோ 1944 இல் ஒரு பொருட்டாகவே கருதப்படவில்லை. செல்வந்தரின் தனி விமானமும் எப்பொழுதாவது வரும் வாடகை விமானமுமே வரைந்தோரின் மனத்தில் இருந்தன. அதனால் முதலாம் பந்தி தாராளமாக அமைந்தது. ஆனால் அட்டவணை இல்லை என்ற பெயரிலே வாணிபம் நுழைந்துவிடலாமே என்ற ஐயமும் கூடவே எழுந்தது. இரண்டாம் பந்தியும் அதன் 'சலுகை'யும் அந்த ஐயத்தின் பிள்ளைகள்.

ஐயம் விரைவிலேயே மெய்யாயிற்று. போர் முடிந்ததும் உபரி விமானங்கள் மலிவு விலைக்குச் சந்தைக்கு வந்தன. வேலையற்ற போர்க்கால விமானிகளும் வந்தனர். 1945 இல் அமெரிக்காவிலே தோன்றி, பின்னர் 'பிளையிங் ரைகர்' எனப் பெயர்பெற்ற சரக்கு நிறுவனம் இத்தகையது. 1948-49 இன் பேர்லின் வான்பாலம் பிரித்தானியாவின் சிறு வாடகை நிறுவனங்கள் பலவற்றுக்கு வாழ்வளித்தது. 1946 இல் ஜெனரல் செனோல்ற் முதலியோர் சீனாவிலே நிவாரணப் பொருள் சுமக்கவெனத் தொடங்கிய நிறுவனத்தின் கதை இவற்றுள் போதனை மிக்கது. சீனப் புரட்சியின் பின் நொடிந்துபோயிருந்த அதனை 1950 இல் அமெரிக்க மத்திய உளவு நிறுவனம் இரகசியமாக வாங்கிற்று. 1954 இல் தியன் பியன் பூவிலே முற்றுகைக்குள்ளான பிரெஞ்சுப் படைக்கு அதன் விமானிகளே பொருள் வீசினர். கோட்டை வீழ்வதற்கு முதல் நாள், மே 6 இல், அவர்களுள் இருவரின் விமானம் சுடப்பட்டு வீழ்ந்தது. பின்னாளில் 'எயர் அமெரிக்கா' என்ற பெயரிலே இந்தோசீனாவெங்கும் அறியப்பட்டதும் இதுவே. விண்ணப்பத்தாளில் நிறுவனத்தின் பெயரும் சரக்கின் பெயரும் மட்டுமே இருக்கும். உடைமையாளர் யார் என்ற கேள்விக்கு அத்தாளிலே இடமில்லை. புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் வாடகை விமானங்களை ஏன் ஐயக்கண்ணோடு நோக்கின என்பதை விளங்கிக்கொள்ள இந்த ஒரு நிறுவனமே போதும்.

இவ்வாறு நடைமுறையிலே பெரும்பாலான நாடுகள் முன்னனுமதியைக் கட்டாயமாக்கின. தாராளமான முதலாம் பந்தி ஏட்டளவில் நின்றது. 1956 இல் மேற்கைரோப்பிய நாடுகள் தமக்குள் செய்த பாரிஸ் உடன்படிக்கை சரக்கு மட்டும் ஏற்றும் வாடகைப் பறப்புகளுக்கு வாயிலைத் திறந்தது. ஆயினும் தம் அட்டவணைச் சேவைகளுக்குக் கேடு விளையும் எனக் கருதினால் அவற்றை நிறுத்தலாம் என்ற பிடியைக் கைவிடவில்லை. இங்கும் அதே வாக்கிய அமைப்பு: முன்னரைப் பகுதி கொடுக்கும், பின்னரைப் பகுதி மீட்டுக்கொள்ளும்.

இதுவரை கூறியவற்றிலிருந்து, அனுமதி மறுக்கும் அதிகாரம் ஏழை நாடுகளின் கேடயம், ஆகவே அது முற்போக்கானது என்ற முடிவுக்கு வாசகர் வந்துவிடக்கூடும். ஏகாதிபத்திய எதிர்ப்பு எழுத்திலே அம்முடிவு அடிக்கடி காணப்படுவதும் உண்டு. அதனை அவ்வளவு இலகுவாக ஏற்க முடியாமைக்குக் காரணம் பயாபரா.

நைஜீரியாவின் கிழக்குப் பிராந்தியம் 1967 மே 30 இல் தனிநாடாகப் பிரகடனஞ் செய்துகொண்டது. ஜூலையில் போர் மூண்டது. 1968 மே மாதத்திலே போர்ட் ஹார்க்கோர்ட் வீழ்ந்தபின் பயாபராவுக்குக் கடல்வாயில் இல்லை. எஞ்சியது வான் மட்டுமே. நெடுஞ்சாலைத் துண்டொன்றை அகலித்து உலி என்ற இடத்திலே ஓர் ஓடுதளம் அமைக்கப்பட்டது. போர்த்துக்கேயரின் சாவோ தொமே தீவிலிருந்தும், ஸ்பெயினின் வசமிருந்த பெர்னாண்டோ போ தீவிலிருந்தும் விமானங்கள் இருளிலே வந்து, சில நிமிடங்கள் மட்டும் எரியும் விளக்குகளை நம்பி இறங்கின. தொடக்கத்திலே திருச்சபை நிறுவனங்களுக்குக் கிடைத்தவை, ஹாங்க் வார்ட்டன் என்னும் அமெரிக்க வாடகை விமானக்காரரின் பழைய கொன்ஸ்ரலேசன் விமானங்களே. அவரே பயாபராவுக்கு ஆயுதமும் ஏற்றிவந்தவர். அதே விமானிகள், அதே ஓடுதளம், அதே இரவு. ஒரு விமானத்திலே பாற்பொடியும் கருவாடும், மற்றொன்றிலே தோட்டாக்கள். பின்னர் பல நாட்டுத் திருச்சபைகள் ஒன்றிணைந்து தமக்கெனப் பறப்பணி ஒன்றை அமைத்து, 5,000 க்கு மேற்பட்ட பறப்புகளிலே சுமார் 60,000 தொன் பொருள் கொண்டு சென்றன. ஒரு சிவில் வான்பாலம் இத்துணைப் பெரிதாக அதற்குமுன் நடந்ததில்லை. மத்திய அரசின் அனுமதி அப்பறப்புகளுக்கு இருக்கவில்லை.

லாகோஸ் அரசின் நிலைப்பாட்டைச் சட்டத்தின் வழிநின்று நோக்குமிடத்து அதிலே குறைகாண்பது கடினம். அதன் வானிலே அதன் அனுமதியின்றி அந்நிய விமானங்கள் பறந்தன. சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரை இராணுவத் தேவை கருதி வான்பகுதிகளை மூடவும், 89 ஆம் உறுப்புரை போர்க்காலத்திலே சமவாயத்தின் கட்டுப்பாடுகளிலிருந்து விலகி நிற்கவும் இடந்தருகின்றன. பகலிலே, பரிசோதனைக்கு உட்பட்டு வருக என்றது லாகோஸ். பகற்பறப்பு தமது இரவுப் பறப்புகளைக் காட்டிக்கொடுத்து ஆயுத வரத்தைத் துண்டிக்கும் என அஞ்சி, பயாபராவின் தலைமை மறுத்தது. இரு இறைமைகளுக்கும் இடையே, ஒன்று நிலைபெற்றது, மற்றொன்று பிறக்க முயன்றது, குழந்தைகள் புரதமின்றி வீங்கி இறந்தனர். மதிப்பீடுகள் வேறுபடினும் போரிலும் பட்டினியிலும் மடிந்தோர் பல இலட்சம்.

அனுமதி என்ற கருவியின் நுண்மையான கொடுமையை இதைவிட வேறோர் இடத்திலே காணலாம். 1968 ஒக்டோபர் 12 இல் பெர்னாண்டோ போ ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்று எக்குவற்றோரியல் கினியின் பகுதியாயிற்று. நைஜீரியாவைப் பகைக்க விரும்பாத புதிய அரசு, செஞ்சிலுவைச் சங்கத்தின் பறப்புகளுக்கு நிபந்தனைகள் விதித்தது: உணவு போகலாம், உணவை ஊர்களுக்குக் கொண்டுசெல்லும் லொறிகளுக்கான டீசலும், மருத்துவமனைகளுக்கான ஒட்சிசன் உருளைகளும் போகலாகா. 5 ஆம் உறுப்புரையின் இரண்டாம் பந்தி தந்த அதிகாரத்தை இருபத்தைந்து ஆண்டுகளின்பின் ஓர் இளம் ஆபிரிக்க அரசு முழுமையாகக் கையாண்டது இவ்வாறுதான். அது குடியேற்ற நாட்டாதிக்கத்திலிருந்து விடுபட்டு மூன்று மாதங்களும் சரியாக ஆகியிருக்கவில்லை.

அணிசேர்க்கைகளும் குழம்பிக் கிடந்தன. பிரித்தானியாவின் தொழிற்கட்சி அரசும் சோவியத் ஒன்றியமும் ஒரே லாகோஸுக்கு ஆயுதம் வழங்கின. எண்ணெய் நலனை மறவாத பிரான்சும், ஆபிரிக்காவிலே தன் குடியேற்றங்களைக் காக்கப் போரிட்ட போர்த்துக்கலும் பயாபராவின் பக்கம் சாய்ந்தன. சோசலிசம் பேசிய நைரேரேயின் தன்சானியா 1968 ஏப்ரிலில் பயாபராவை அங்கீகரித்தது. நிவாரண விமானியாக வந்த சுவீடனின் வொன் றோசன் பிரபு 1969 மே மாதத்திலே சிறு விமானங்களில் ஏவுகணை பொருத்தி நைஜீரிய விமானத்தளங்களைத் தாக்கினார். இரு வாரங்களின் பின், ஜூன் 5 இல், நைஜீரியாவின் மிக்-17 விமானம் ஒன்று செஞ்சிலுவைச் சங்கத்தின் டீ.சீ.-7 விமானத்தைச் சுட்டுவீழ்த்தியது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். செப்டெம்பரிலே பகற்பறப்புக்கு லாகோஸுடன் செஞ்சிலுவைச் சங்கம் செய்த உடன்படிக்கையைப் பயாபரா நிராகரித்தது. 1970 ஜனவரியில் பயாபராவே இல்லாது போயிற்று. இறைமையா, பசித்தோர் உயிரா என்ற வினாவுக்கு மார்க்சிய எழுத்தாளர் பலர் அன்று தத்தம் முகாமின் விடையையே ஒப்புவித்தனர். இறைமை என்பது எந்த வர்க்கத்தின் கையில், எவ்வேளையில், யாருக்கெதிராகப் பயன்படுகிறது என்று வினவாதவிடத்து அது வெறும் வடிவமே. அவ்வடிவத்துக்கு ஏகாதிபத்திய எதிர்ப்பு என்ற பெயர் சூட்டிவிடுவதால் உள்ளடக்கம் மாறிவிடாது.

இவ்வினா நமக்கு அந்நியமானதன்று. 1987 ஜூன் 3 இல் யாழ்ப்பாணத்துக்கு நிவாரணம் கொண்டுவந்த இந்தியப் படகுகள் இலங்கைக் கடற்படையாற் திருப்பியனுப்பப்பட்டன. மறுநாள் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் போர்விமானங்களின் துணையோடு வந்து யாழ்ப்பாணத்தின்மீது உணவுப்பொதிகளை வீசின. அவை வாடகை விமானங்களல்ல, விமானப்படையின் விமானங்கள். ஆதலின் 5 ஆம் உறுப்புரை இங்கு பேசாது. கொழும்பு அதனை இறைமை மீறல் என்றது. சட்டத்தின்படி அது சரியே. புதுடெல்லி அதனை மனிதாபிமானம் என்றது. ஒரு பிராந்திய வல்லரசின் மனிதாபிமானத்துக்கு ஏன் போர்விமானத் துணை வேண்டியிருந்தது என்பது வேறு வினா. பொதியைப் பொறுக்கியவரிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து அனுமதியின் வரலாறு வேறொரு திசையிலே திரும்புகின்றது. 1977 நவம்பரில் அமெரிக்கா உள்நாட்டு விமானச் சரக்குத் துறையின் கட்டுப்பாடுகளை நீக்கியது. பயணிகள் சேவைக்கு அதே விடுவிப்பு மறு ஆண்டிலேதான் வந்தது. இந்த முன்பின் வரிசை தற்செயலானதன்று. பயணிகள் விமானத்தின் வாலிலே தேசத்தின் சின்னம் இருக்கின்றது, பயணிக்கு வாக்குரிமையும் பத்திரிகையும் உண்டு, சரக்கு வாய்பேசாது. ஆகவே முதலாளித்துவம் தான் செய்ய விரும்பும் மாற்றங்களை முதலில் சரக்கின்மீதே பரீட்சித்துப் பார்க்கின்றது. இந்தியாவிலும் இதே வரிசையைக் காணலாம். 1953 இல் விமானச் சேவைகளைத் தேசியமயமாக்கிய நாடு அது. அமெரிக்க நிறுவனங்கள் அளவுக்கு மிஞ்சிய இருக்கைகளோடு வந்தமையால், அமெரிக்காவுடனான 1946 ஆம் ஆண்டு உடன்படிக்கையை முறித்துக்கொள்ள 1954 இல் அறிவித்தல் கொடுத்து, 1956 இல் புதியதொன்றைப் பெற்ற நாடும் அதுவே. அத்தகைய நாடு 1990 இல், அதாவது 1991 ஜூலையின் பொருளாதாரக் கொள்கை மாற்றத்துக்கு முன்னரே, சரக்கு விமானங்களுக்குத் தன் வானைப் பரீட்சார்த்தமாகத் திறந்துவிட்டது. 1992 இல் அது நிரந்தரமாயிற்று. சுங்க வசதியுள்ள விமான நிலையங்களுக்கு அந்நியச் சரக்கு விமானங்கள் தடையின்றி வந்துபோயின.

திறக்குமாறு கேட்டவர்கள் ஏற்றுமதியாளர்கள். ஆயத்த ஆடை, தோற்பொருள், பூ, பழம் ஆகியவற்றின் வாணிபத்தில் காலமே விலை. போக்குவரத்து என்பது சுற்றோட்டத்தினுள்ளே தொடரும் உற்பத்தி என்று மார்க்ஸ் 'மூலதன'த்தின் இரண்டாம் தொகுதியிலே காட்டினார். ஆடைத் தொழிலிலே இதன் செயற்பாட்டைக் கண்கூடாகக் காணலாம். குறித்த நாளில் கப்பலுக்குச் சரக்குப் போய்ச் சேராவிடின், விமானக் கூலியை உற்பத்தியாளரே பொறுக்க வேண்டும் என்பது கொள்வனவாளரின் வழமையான நிபந்தனை. திருப்பூரிலோ கட்டுநாயக்கவிலோ இரவுவேலை நீடிப்பதற்கு அந்த விமானக் கூலி பற்றிய அச்சமும் ஒரு காரணம். எமது முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் 1978 இல் விமான நிலையத்தின் அயலிலேயே நிறுவப்பட்டதைப் புவியியலின் தற்செயல் என எவரும் கொள்ளார்.

முப்பது ஆண்டுகளின் பின் இந்தியாவின் திறந்த கதவு பாதி சாத்தப்பட்டது. 2020 இல், அட்டவணையிலடங்காத அந்நியச் சரக்குப் பறப்புகள் பெங்களூர், சென்னை, டெல்லி, கொல்கத்தா, ஐதராபாத், மும்பாய் ஆகிய ஆறு நிலையங்களுக்கு மட்டுப்படுத்தப்பட்டன. கொள்ளைநோய்க் காலத்தில் பயணிகள் விமானங்கள் முடங்கி, அவற்றின் அடிவயிற்றிலே சென்ற சரக்கும் நின்றுபோக, முழுச் சரக்கு விமானத்துக்குப் பெருங்கிராக்கி ஏற்பட்டிருந்த வேளை அது. உள்நாட்டு நிறுவனங்களை வளர்ப்பதே நோக்கமென அரசு கூறியது. 2018 இல் 7 ஆக இருந்த இந்தியச் சரக்கு விமானங்கள் 2021 இல் 28 ஆகின எனக் கணக்கும் தந்தது. மேலோட்டமாகப் பார்ப்பின் இது ஐம்பதுகளின் தேசியப் பாதுகாப்புக் கொள்கைக்குத் திரும்புவதுபோலத் தோன்றும். ஆனால் 1954 இலே பாதுகாக்கப்பட்டது அரசுடைமையான எயர் இந்தியா. 2020 இலே பயன்பெற்றவை தனியார் நிறுவனங்கள். எயர் இந்தியாவோ 2022 ஜனவரியில் ராட்டா குழுமத்தின் கைக்கே போய்விட்டது. அதே இரண்டாம் பந்தி, அதே அதிகாரம். அதன் வர்க்க உள்ளடக்கம் முற்றாக மாறிவிட்டது. ஆறு நகரங்களுக்கு அப்பாலுள்ள சிறு ஏற்றுமதியாளர்க்கும் அவர்தம் தொழிலாளர்க்கும் இதனால் நேர்ந்தது யாது என்பது தனியே ஆராயப்பட வேண்டியது.

இறுதியாக, சோவியத் ஒன்றியத்தின் சிதைவு இவ்வரலாற்றுக்கு அளித்த பாத்திரங்களைக் குறிப்பிடாது விடலாகாது. தொண்ணூறுகளிலே அதன் இலியூஷின், அன்ரனோவ் சரக்கு விமானங்கள் அற்ப விலைக்குத் தனியாரிடம் சென்று, பதிவுக் கட்டணத்துக்காகத் தம் தேசியத்தையே விற்ற நாடுகளின் கொடிகளோடு ஆபிரிக்கப் போர்க்களங்களிலே ஆயுதஞ் சுமந்தன. 2001 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை, லைபீரியாவிலே பதிவு பெற்ற விமானங்கள் யாவற்றையும் தரையிலே நிறுத்துமாறு கட்டளையிட நேர்ந்தது. அனுமதி கோரும் விமானத்தின் நாடு எது என்பதே அப்போது பொருளற்ற வினாவாகிவிட்டிருந்தது. கீவ் நகரிலே வடிவமைக்கப்பட்ட ஏ.என்.-124 என்னும் பேருருவ விமானத்தின் கதி வேறு. சோவியத் படைக்கலங்களைச் சுமப்பதற்காக 1982 இல் முதன்முதல் பறந்த அவ்வினம், 1990 இல் உல்யானொவ்ஸ்க் நகரிலே தோன்றிய வொல்கா-தினேப்பர் நிறுவனத்தின் வாடகை விமானமாகி, 2006 முதல் நேட்டோவின் தளபாடங்களையும் சுமந்தது.

அந்நிறுவனத்தின் விமானம் ஒன்று 2022 பெப்ரவரி 27 ஆம் திகதி சீனாவிலிருந்து அங்கரேஜ் வழியாக ரொறன்ரோவிலே வந்திறங்கியது. கொள்ளைநோய்ப் பரிசோதனைக் கருவிகள் அதன் சரக்கு. முறையான அனுமதியுடனேயே வந்தது. உக்ரேன் மீதான படையெடுப்பின் மூன்று நாட்களின் பின்னான அந்நாளிலே கனடா தன் வானை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. இறக்கப்பட்ட சரக்கு நகருக்குள் சென்றது, விமானம் எழவில்லை. நிமிடத்துக்கு 74 கனடிய சதம் என்ற கணக்கிலே தரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்க, 2023 ஜூனில் கனடிய அரசு அதனைக் கைப்பற்றுமாறு கட்டளை பிறப்பித்தது.